இரவு பஸ்ஸுக்கு முன்னால் பதினாறு மணித்தியாலம்

வன்னியிலிருந்து கொழும்பைச் சுற்றிப் பார்க்கவென்றே வெளிக்கிடுகிற ஆக்கள் குறைவு. மகரகமவில் கிளினிக், பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு, ஏதோ ஒரு தூதரகத்தில் நேர்முகம், இழுபடுகிற ஒரு வழக்கு, வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்புதல் என்று ஏதாவதொரு அலுவல்தான் கொண்டுபோய் விடும். அலுவல் அரை மணித்தியாலத்தில் முடிந்தாலும் முடியும். அதற்கு முன்னும் பின்னும் கிடக்கிற நேரம்தான் பெரிய பாடு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஏறிய இரவு பஸ் விடிய ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் இறக்கிவிடும். திரும்புகிற பஸ் இரவு ஒன்பதுக்கு. நடுவில் பதினாறு மணித்தியாலம்.

காசு கரைவது இந்தப் பதினாறு மணித்தியாலத்தில்தான். முகம் கழுவ ஒரு லொட்ஜ் அறை, வெயிலுக்குப் பயந்து ஒரு ஓட்டோ, இருக்க ஒரு கதிரை வேண்டுமென்பதற்காகக் குடிக்கிற மூன்றாவது தேத்தண்ணி. எங்கட மூத்த தலைமுறைக்குக் கொழும்பு என்றால் லொட்ஜ், ஆஸ்பத்திரி, எம்பசி, திரும்ப லொட்ஜ் என்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தடையுத்தரவு போட்ட பிறகுதான் அது நின்றது. அந்த நாட்களில் தெருவில் சும்மா நடந்து திரிய யாருக்கு மனம் வந்திருக்கும்? அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலைய வாங்கிலிலேயே பகலைக் கழிக்கிறவர்களை இன்றைக்கும் காணலாம்.

கொழும்பில் காசு கேட்காத இடங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. வேளை தப்பினால் பூட்டிய கதவும் கொதிக்கிற தாரும்தான் மிச்சம். விடியப்புறம் புறக்கோட்டை, காலையில் கோயில், உச்சியில் கூரையுள்ள இடம், மூன்று மணிக்குப் பிறகு மரநிழல், ஐந்து மணிக்குக் கடல். இந்த வரிசையை மாற்றினால் நாள் கெட்டுவிடும்.

சிக்கனம் வீட்டு அடுப்பில் தொடங்கவேண்டும். வழிச்சாப்பாட்டுக்குப் புட்டுக் கட்டாதீர்கள். பின்னேரம் அவித்த புட்டில் தேங்காய்ப்பூவின் ஈரம் கிடக்கும். சூடு ஆறமுன் பொலித்தீனில் சுற்றி, சனம் நெருங்கிய பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனால் விடியும்போது நூல் விட்டிருக்கும். இடியப்பமும் சொதியும் அதைவிட மோசம். ரொட்டி தாக்குப்பிடிக்கும். தேங்காய்ப்பூவை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து, மாவை இறுக்கமாகக் குழைத்து, மெல்லிய நெருப்பில் இரண்டு பக்கமும் ஈரம் போகும்வரை சுடவேண்டும். பிறகு செய்கிற வேலையில்தான் விசயமே இருக்கிறது: சுட்டதும் அடுக்கி வைக்கக்கூடாது. சுளகில் ஒவ்வொன்றாகப் பரப்பி முழுதாக ஆறவிட்டு, அதன்பிறகு வாட்டிய வாழையிலையில் சுற்றுங்கள். சூட்டோடு சுற்றினால் ஆவி தண்ணியாகித் திரும்ப ரொட்டியிலேயே இறங்கும்; பூஞ்சணமும் புளிப்பும் அந்த ஈரத்தில்தான் பிடிக்கும். தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாயை வறுத்து உப்பும் பழப்புளியும் வைத்து இடித்த சம்பல் போதும். தேங்காயும் பச்சை வெங்காயமும் சேர்த்தால் அதுவும் மத்தியானத்துக்குள் போய்விடும். ஒரு ஆளுக்கு ஐந்து ரொட்டி என்றால் காலையும் மத்தியானமும் சரி.

பின்னேரப் பசிக்குப் புழுக்கொடியல். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு மாதக்கணக்கில் கெடாது. ஒரு கைபிடி புழுக்கொடியலும் இரண்டு துண்டு பனங்கட்டியும் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டால், கடித்து முடிக்கவே அரை மணித்தியாலம் ஆகும். வரிசையில் நிற்கிறவனுக்கு இதைவிடத் தோதான தீனி இல்லை. பல்லு ஆடுகிறவர்கள் பயத்தம்பணியாரம் கொண்டுபோகலாம்.

தண்ணிக்கு ஆளுக்கொரு ஒன்றரை லீற்றர்ப் போத்தல். வெறும் போத்தலை எறியாமல் வைத்திருந்தால் கோயில்களிலும் தேவாலயங்களிலும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். உவர்க்கிணற்றுத் தண்ணி குடித்துப் பழகிய வாய்க்குக் கொழும்புக் குழாய்த் தண்ணி சப்பென்று இருக்கும். சிலவேளை குளோரின் மணக்கும். போத்தலைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்தால் மணம் குறையும்.

மற்றச் சாமான்கள்: தேசிய அடையாள அட்டை (பிரதி போதாது, மூல அட்டை), குடை, ஒரு துவாய், ஒரு மாற்றுச் சட்டை, செருப்புப் போட ஒரு சீலைப்பை, சில்லறையாக இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள். எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. தோளில் பாரம் கூடினால் பத்து மணிக்கே ஓட்டோவைக் கைகாட்டத் தோன்றும். அங்கேயே கணக்குப் பிழைத்துவிடும். பாரம் தவிர்க்க முடியாவிட்டால் கோட்டைப் புகையிரத நிலையத்தில் சிறு கட்டணத்துக்குப் பொதி வைக்கலாம். செலவுதான் என்றாலும் இந்த ஒரு செலவு மற்றச் செலவுகளைத் தடுக்கும்.

போகவரச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அரச உத்தியோகத்தர்களுக்குக் கிடைக்கிற ரயில் வாறண்டை, அதாவது இலவசப் பயணச் சீட்டை, பலர் வீணாக்கி வருசத்தை முடிக்கிறார்கள். குடும்பத்தோடு போக அதுதான் வழி. ரயிலில் வருகிறவர்கள் கோட்டையில் இறங்கியதும் வாசலுக்கு ஓடாதீர்கள். மலசலகூடம், முகம் கழுவல், சட்டை மாற்றல் எல்லாவற்றையும் மேடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வாசலில் டிக்கெட்டைக் கையளித்துவிட்டால் திரும்ப உள்ளே போக வேறு டிக்கெட் வேண்டும்.

பஸ்ஸில் வந்தால் பஸ்தியன் மாவத்தையிலிருந்து கோட்டை நிலையம் ஐந்து நிமிட நடை. வெளிச்சம் வரும்வரை நிலையத்தின் முன்மண்டபத்தில், சனம் நடமாடுகிற பக்கமாக இருங்கள். எதிரே நிற்கிற சிலை ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டுடையது. அமெரிக்கப் படையில் கேணலாக இருந்து பிறகு பௌத்தப் பாடசாலைகளைத் தொடங்க முன்னின்றவர். “எங்க போகணும்” என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு வருகிற ஓட்டோக்காரர்களுக்கு “ஆள் வருகிறார்” என்று சொல்லுங்கள். அநேகமான அலுவலகங்கள் எட்டரைக்கு முன்னால் திறப்பதில்லை. ஐந்து மணிக்கு ஓட்டோ பிடித்து எங்கே போவது?

காலை ஆறு மணிக்கு எழும்பி நடக்கலாம். எங்கள் ஆக்கள் முதலில் கேட்பது கடலைத்தான். பொறுங்கள். முல்லைத்தீவில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும். கொழும்பில் கடலுக்குள் போகும். விடியக்காலையில் காலி முகத்திடலுக்குப் போனால் சூரியன் முதுகுப்பக்கம், ஹோட்டல்களுக்குப் பின்னால் நிற்கும். கடலைப் பின்னேரத்துக்கு வைத்துவிட்டுப் புறக்கோட்டைக்குள் இறங்குங்கள்.

நுழைவாயில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். பார்சிக் குடும்பமொன்று 1923இல் கட்டிக்கொடுத்தது. அங்கிருந்து பிரதான வீதி உள்ளே போகும், குறுக்குத் தெருக்கள் அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டும். புறக்கோட்டையில் ஒரு தெருவுக்கு ஒரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், கெய்சர் வீதியில் துணி, நாலாம் குறுக்குத் தெருவில் மொத்தப் பலசரக்கு, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், கபோஸ் ஒழுங்கையில் சுதேச மருந்து, செட்டியார் தெருவில் தங்கம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூக்கு தெருவைச் சொல்லிவிடும். செத்தல் மிளகாய்ச் சாக்கு அவிழ்க்கிற இடத்தில் தும்மல் வரும், அடுத்த மூலையில் வேர்க்கொம்பும் திப்பிலியும் மணக்கும்.

விடிய ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் நாலாம் குறுக்குத் தெருவைப் பார்க்கவேண்டும். லொறிகள் பின்கதவைத் திறந்து நிற்க, நாட்டாமிகள் சாமான் இறக்குவார்கள். நாட்டாமி என்றால் மூட்டை சுமக்கிறவர். தமிழனும் சிங்களவனும் முஸ்லிமும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள். மடித்த சாக்கைத் தலையிலும் பிடரியிலும் படியப் போட்டு, குனிந்து முதுகைக் கொடுக்க, லொறிமேல் நிற்கிறவர் மூட்டையைச் சரிப்பார். மூட்டை முதுகில் விழுகிற கணத்தில் இவர் முழங்கால் ஒருமுறை மடிந்து நிமிரும், அந்த மடிப்பிலேயே முதல் அடி எடுத்து வைத்துவிடுவார். பாரத்தோடு நின்று யோசிக்கிற ஒருவரையும் காணமாட்டீர்கள். அதனால்தான் வழியில் நிற்கக்கூடாது என்பது. அவரால் நிற்க முடியாது, கைவண்டியாலும் முடியாது. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒதுங்குங்கள். கடைப்படியில் ஏறினால் இன்னும் நல்லது. கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறவர்கள்தான் இடிவாங்குவது.

விலை விசாரிப்பதற்கும் காசு இல்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் பிணைச்சல், பூட்டு, தண்ணிக்குழாய் விலைகளைப் பழைய சோனகத் தெருவில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் ஊர்க் கடையில் பேரம் பேச உதவும். ஆனால் கடை திறந்த கையோடு போய்க் கேட்காதீர்கள். முதல் வியாபாரம் ஆகமுன் வாங்காமல் திரும்புகிறவனை எந்த முதலாளியும் விரும்பமாட்டார். பத்து மணிக்குப் பிறகு கேளுங்கள். முறையாகப் பதில் கிடைக்கும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் செங்கல் நிறமும் வெள்ளையும் வரிவரியாய் ஓடுகிற ஜாமி உல் அல்பார் பள்ளிவாசல் நிற்கிறது. 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருசம் முடித்தார்கள். எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றால்தான் முழுதும் கண்ணுக்குள் அடங்கும். உள்ளே பார்க்க விரும்பினால் வாசலில் கேளுங்கள். தொழுகை நேரத்திலும் வெள்ளி மத்தியானமும் கேட்கவேண்டாம். பெண்கள் தலையையும் தோளையும் மூடவேண்டும். நோன்பு மாதமென்றால் பின்னேரத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி கொடுப்பார்கள். என்ன சமயமென்று கேட்டு ஊற்றுவதில்லை.

செட்டியார் தெருவால் வடக்கே நடந்தால் கதிரேசன் கோயில்கள் இரண்டும் வரும். அதைத் தாண்டிக் கொச்சிக்கடை. காலை எட்டு மணிக்குள் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குள் நிற்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912வரை முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். எங்கட பக்கத்துக் கோயில்களில் சுதையும் பச்சை, மஞ்சள் வர்ணமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உள்ளே முதலில் ஒன்றும் தெரியாது, அவ்வளவு இருட்டு. ஒரு நிமிடம் நின்றால் தூண்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வர்ணமே இல்லை. நூறு வருசத்து விளக்கெண்ணெய்ப் புகை படிந்து கல் கறுத்து மினுங்கும். கை எட்டுகிற உயரம்வரை மினுக்கம் கூட, அதற்குமேல் மங்கல். சனம் தொட்டுத் தொட்டு வந்தது அது. வெறும் காலுக்குக் கல் குளிரும். கொழும்பில் காற்றாடியும் ஏசியும் இல்லாமல் குளிர்ந்த இடம் வேண்டுமென்றால் இதுதான். மத்தியானத்தில் நடை சாத்திவிடுவார்கள், பின்னேரம்தான் திறப்பு. செருப்பைச் சீலைப்பையில் போட்டுக் கையோடு வைத்திருந்தால் செருப்புக் காவலுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

பக்கத்திலேயே புனித அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமையென்றால் சைவம், வேதம், பௌத்தம் என்று பாராமல் சனம் நிரம்பி வழியும். தமிழிலும் வழிபாடு நடக்கும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சிதைந்து, அதே வருசம் ஜூனில் திருத்தித் திறந்தார்கள். பைகளைச் சோதிப்பார்கள். ரொட்டிப் பொதி இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள்.

இனி அலுவல். அதை முடித்துக்கொண்டு வருகிற நேரம் அநேகமாக உச்சி வெயிலாக இருக்கும். “எங்களுக்கு வெயில் புதிதோ” என்று வன்னி ஆக்கள் நடக்கத் தொடங்குவது இங்கேதான். எங்கட வெயில் காய்ச்சும், கொழும்பு வெயில் அவிக்கும். ஊரில் வேர்வை உடனே காய்ந்து உடம்பு ஆறும். கொழும்பில் காற்றிலேயே ஈரம் கூட என்பதால் வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது. ஒரு மணித்தியாலம் நடந்தால் தலையிடியும் தொடைநரம்பு இழுப்பும் வரும். தண்ணியோடு உப்பும் போகவேண்டும். அந்தப் புளிச்சம்பலை இதற்குத்தான் மிச்சம் வைக்கச் சொல்வது. பத்திலிருந்து மூன்றுவரை கூரைக்குக் கீழே இருங்கள்.

கோட்டைப் பக்கம் அலுவலென்றால் சதாம் வீதிக்குப் போங்கள். மத்திய வங்கியின் நாணய அருங்காட்சியகம் அங்கே, 1914இல் கட்டிய, உயர்ந்த தூண்களுள்ள பழைய கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை; அடையாள அட்டை கேட்பார்கள். வார நாட்களில் மட்டும் போங்கள். பழைய காசுகளிலிருந்து இப்போதைய தாள்கள்வரை வரிசையாய் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனால், தாத்தாவின் காலத்து ஒரு ரூபாய்த் தாளைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்; ஒரு மணித்தியாலம் போய்விடும். அதே வீதி முனையில் நடுத்தெருவில் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரம் 1857இலிருந்து நிற்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த வடிவம். பிறகு அதன் தலையில் விளக்கு ஏற்றிக் கலங்கரை விளக்காக்கி, 1952வரை கப்பலுக்கும் வழி காட்டினார்கள். இரண்டு நிமிட நடையில் ஒல்லாந்தர் காலத்து ஆஸ்பத்திரி. இப்போது உணவகங்களும் கடைகளும் நிறைந்திருக்கிறது, விலைப்பட்டியலைப் பார்க்காமல் முற்றத்தில் மட்டும் நில்லுங்கள். சுவரின் கனத்தை வாசல் நிலைகளில் பார்க்கலாம். உள்ளே சூடு இறங்காததற்கு அந்தக் கனம்தான் காரணம். கோட்டைக்குள் துறைமுகம், ஜனாதிபதி மாளிகை, கடற்படை உள்ள பக்கங்களில் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். இதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கொள்ளுப்பிட்டிப் பக்கம் நிற்கிறவர்களுக்கு கிறெஸ்கட் கட்டடத்தில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவு இலவசம், விளக்கங்கள் தமிழிலும் எழுதியிருக்கும். “படம் பார்க்க எங்களுக்கு என்ன தெரியும்” என்று கூச்சப்பட்டு நிற்கிறவர்கள்தான் அதிகம். நிற்கிற பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லித் தருவார்கள். கறுவாத்தோட்டத்தில் லயனல் வென்ட் கலையரங்கின் காட்சிக்கூடமும் அப்படியே. கிழமைக்குக் கிழமை கண்காட்சி மாறும், காசு வாங்குவதில்லை. தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வரவும் ஒன்றும் குறையாது.

பெரிய கடைத்தொகுதிகளில் ஏசி, மலசலகூடம், வாங்கில் மூன்றும் இலவசம். அநேகமாகப் பத்து மணிக்குத்தான் திறக்கும். சாப்பாட்டுத் தளத்தில் வெளிச்சாப்பாடு பிரிக்க விடமாட்டார்கள், ரொட்டியை அதற்குமுன் பூங்காவில் முடித்துவிடுங்கள். காவலாளி பையைப் பார்த்து முறைத்தால் ஒன்றும் இல்லை, நிமிர்ந்து போங்கள்.

மகரகமவில் கிளினிக் முடிந்தவர்கள் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நகர மண்டபத்தடியில் இறங்கினால் விகாரமாதேவிப் பூங்கா. பழைய பெயர் விக்டோரியாப் பூங்கா. எதிரே வெள்ளையாய்க் குவிமாடத்தோடு தெரிவது 1928இல் திறந்த நகர மண்டபம். நோயாளியோடு போகிறவர்களுக்கு இந்தப் பூங்காவைத்தான் முதலில் சொல்லலாம்: வாங்கில் நிறைய, நிழல் நிறைய, நடக்கிற தூரம் குறைவு. பங்குனி, சித்திரையில் மரங்கள் பூத்துக் கொட்டும். அதன் அருகே கிறீன் பாத் என்று சனம் சொல்கிற ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. ஓவியர்கள் வேலியோரமாகப் படங்களைச் சாத்தி விற்பார்கள். தை, மாசியில் ஒரு நாள் இதே வீதியை மறித்து ‘கலாபொல’ என்ற பெரிய ஓவியச் சந்தை நடக்கும். 1993இலிருந்து நடந்து வருவது. அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தால் சுதந்திர சதுக்கம். கண்டி அரசரின் சபா மண்டபமான மகுல் மடுவத்தைப் பார்த்துக் கட்டிய திறந்த மண்டபம், நாலாபக்கமும் காற்று. மூன்று மணிக்குப் பிறகு அதன் படியில் இருந்தால் எழும்ப மனம் வராது. பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அங்கேயே தியத உயன இருக்கிறது, வாவிக் கரையோடு நடைபாதை. பிறகு 177இல் ஏறினால் கொள்ளுப்பிட்டி.

பஸ்ஸில் ஏமாறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று பெயர். தமிழில் எழுதும்போது கோட்டையும் கோட்டேயும் ஒரே மாதிரி இருக்கும். ரயில் நிலையமுள்ளது கொழும்புக் கோட்டை, சிங்களத்தில் ‘கொட்டுவ’. கோட்டே என்பது பாராளுமன்றப் பக்கம், நகரத்தின் மற்றக் கரை. புறக்கோட்டை ‘பிட்டகொட்டுவ’. கொண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறுங்கள். இரண்டாவது மிச்சக்காசு. பெரிய தாளைக் கொடுத்தால் பிறகு தருவதாகச் சொல்லுவார், இறங்கும்போது நீங்களும் மறப்பீர்கள், அவரும் மறப்பார். சில்லறை கொண்டுவரச் சொன்னது அதற்குத்தான். மறக்காமல் கேட்க ‘இத்துரு சல்லி’ என்ற இரண்டு சொல் போதும். இன்னொரு சொல் ‘நொமிலே’. இலவசம் என்று பொருள். அறிவித்தல் பலகையில் அந்தச் சொல்லைக் காட்டி யாரிடமாவது வாசித்துக் கேட்டால் கணக்குத் தெளிவாகும்.

ஓட்டோவில் வந்து பக்கத்தில் நிறுத்தி, “இன்றைக்கு விகாரையில் யானை ஊர்வலம், இதுதான் கடைசி நாள்” என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகும்போது இந்தக் கதை கட்டாயம் வரும். போய் முடிகிற இடம் இரத்தினக்கல் கடை. உண்மையான ஊர்வலம் கங்காராமய விகாரையின் நவம் பெரஹெரா, மாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும். அதைத் தெருவோரம் நின்று சும்மாவே பார்க்கலாம்.

நாளைத் தெரிவுசெய்ய முடியுமென்றால் வைகாசியில் வெசாக்கை ஒட்டிப் போகும்படி அலுவலை வையுங்கள். அரச அலுவலகம் அன்று பூட்டு. அதனால் அடுத்த வேலைநாளுக்குத் திகதி எடுத்து இரண்டு நாள் முன்னால் போவதுதான் வழி, தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கவேண்டும். பேரை வாவியைச் சுற்றி வெளிச்சக்கூடுகள், தோரணங்கள். தெருவுக்குத் தெரு தன்சல் என்கிற தானப் பந்தல்: சோறு, கடலை, கொத்தமல்லித் தண்ணி, ஐஸ்கிறீம். கையெடுத்துக் கும்பிட்டு வரிசையில் நின்றால் போதும், கேள்வி இல்லை. சோற்றுத் தன்சலுக்கு வரிசை நீளம். பதினொரு மணிக்கே நிற்கவேண்டும். குடிதண்ணித் தன்சலுக்கு வரிசையே இராது. ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் தேர் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் வைப்பார்கள்.

ஐந்து மணிக்குக் காலி முகத்திடல். சூரியன் கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னாலும் ஆடியில் ஆறரையை ஒட்டியும் விழும். அரை மணித்தியாலம் முந்திப் போனால் கடற்சுவரில் இருக்க இடம் பிடிக்கலாம். 1859இல் இந்த நடைபாதையை முடித்த ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைக் காத்துவரும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்தார். கல் இன்னும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 2022இல் அரகலய என்ற மக்கள் போராட்டத்தின்போது இந்தத் திடல் முழுக்கக் கூடாரம். அந்த வருசம் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் செத்த சனத்தை நினைந்து இங்கே, கொழும்பின் நடுவில், கஞ்சி பகிர்ந்தார்கள். அது நடந்த இடத்தைக் காட்ட ஒரு அடையாளமும் இல்லை. பட்டம் விடுகிற பிள்ளைகள்தான் ஓடித்திரிகிறார்கள்.

இறால் வடை மணக்கும். மணத்துக்குக் காசு இல்லை, கையைப் பைக்குள் விட்டுப் புழுக்கொடியலை எடுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும், கால் நனைக்கவும் இறங்கவேண்டாம். இருட்டியதும் கிழக்கே திரும்பினால் தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி எரியும். 350 மீற்றர். ஏறத்தான் காசு.

வடக்குப் போகிற சொகுசு பஸ்கள் பல வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிடும். 100 அல்லது 101 பிடித்து ஏழு மணிக்குள் அங்கே போய்விட்டால் நல்லது. அங்கேயுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது, நூலகம் உண்டு. பின்னேரங்களில் அங்கேயும் பக்கத்து மண்டபங்களிலும் ஏதாவது நூல் வெளியீடு, நினைவுப் பேருரை நடக்கும், அழைப்பிதழ் கேட்பதில்லை. வாழ்த்துரைகள் நீளும். ஆனால் கதிரை, காற்றாடி, முடிவில் ஒரு றோல்ஸும் தேத்தண்ணியும். பின்வரிசையில் இருந்தால் பஸ்ஸுக்கு நேரமாகும்போது சத்தமில்லாமல் எழும்பலாம். நூல் விற்கிற மேசை வாசலடியில்தான் இருக்கும், கண்ணைக் கொடுக்காமல் தாண்டுங்கள்.

கூட்டம் இல்லாவிட்டால் மரைன் டிரைவ் கரை. கடலுக்கும் வீதிக்கும் நடுவில் இரட்டைத் தண்டவாளம் ஓடுகிறது. ஒரு ரயில் போனதும் உடனே தாண்டாதீர்கள். அதன் இரைச்சலில் எதிர்ப்பக்கத்தால் வருகிற மற்ற ரயில் காதில் விழாது, கடற்சத்தமும் சேர்ந்து மறைக்கும். வெறுமையாய்க் கிடக்கிற இரண்டு தண்டவாளத்தையும் கண்ணால் பார்த்த பிறகே கால் வையுங்கள்.

எட்டரைக்கு மாற்றுச் சட்டையைப் போட்டு, போத்தலை நிரப்பி, மலசலகூடம் போய்விட்டு பஸ்ஸில் ஏறுங்கள். நடுவழியில் பஸ் நிறுத்துகிற சாப்பாட்டுக் கடையில் விலை கூட. இறங்கி ஒரு தரம் கைகாலை நீட்டிவிட்டு ஏறினால் சரி. மாங்குளம் தாண்டிப் போகிறவர்களுக்கு விடியப்புறத்தில் முறிகண்டியில் பஸ் நிற்கும். பிள்ளையாருக்கு ஒரு காசுக் குற்றி, கைக்கு ஒரு சுருள் கச்சான். கொழும்பில் உடைக்காமல் கொண்டுவந்த ஐம்பது ரூபாய்த் தாளை அங்கே உடைக்கலாம்.